மேல் எண், கீழ் எண்

விசாரணைக் குழு அறிக்கையின் ஏழாம் பத்தி அவரை இப்படி விவரிக்கிறது: “மேற்படி ஊழியர் மூன்றாம் நிலை அலுவலக உதவியாளர். கல்வித் தகுதி பத்தாம் வகுப்பு. தபால் பதிவு, தேநீர் ஏற்பாடு, சாவிப் பொறுப்பு ஆகியவை இவருடைய பணிகள். திருக்குர்ஆனைப் பற்றியோ அரபு மொழியைப் பற்றியோ இவருக்கு எவ்வித அறிவும் இல்லை. பார்வைக் குறைபாட்டால் எண்ணைத் தவறாகப் பெயர்த்து எழுதியது தவிர, இவருக்கு வேறு உள்நோக்கம் எதுவும் இருந்ததாகக் குழு கருதவில்லை.”

இதில் பத்தாம் வகுப்பு உண்மை. சாவியும் உண்மை. தேநீர் ஒரு காலத்தில் உண்மையாக இருந்தது; கீழ்த்தளத்துக்கு மின்கெண்டி வந்த பிறகு அவரவர் தேநீரை அவரவர் போட்டுக்கொண்டார்கள். மீதி அத்தனையும் பொய். பொய்யை எழுதியவர்கள் ஒரு ஓய்வுபெற்ற நீதிபதி, ஒரு பங்குத்தந்தை, ஒரு பள்ளிவாசல் தலைவர். மூவரும் நேர்மையானவர்கள், கேட்டதை அப்படியே எழுதினார்கள். அவர்களுக்கு அதைச் சொல்லுக்குச் சொல் எடுத்துக் கொடுத்தவர் அந்த ஊழியரேதான்.

பல்கலைக்கழக வளாகத்தின் பின்கோடியில், வாகன நிறுத்தத்துக்கும் கழிவுநீர்த் தொட்டிக்கும் நடுவில், திருக்குர்ஆன் ஆய்வு மற்றும் சமய உறவு மையம் இரண்டு தளங்களில் இயங்கியது. மேல்தளத்தில் சமய உறவு, கீழ்த்தளத்தில் ஆய்வு. மேல்தளத்தில் குளிர்சாதனம் இருந்தது. அங்கே ஆண்டுக்கு நாலு கருத்தரங்குகள் நடக்கும். இரு மதத்துப் பெரியவர்களும் வந்து, பரஸ்பரப் புரிதல் எவ்வளவு அவசியம் என்பதில் முழுமையாக உடன்பட்டு, தனித்தனி மேசைகளில் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். கீழ்த்தளத்தில் மின்விசிறி. அதன் காற்றில் அட்டைகள் பறக்காமலிருக்க, மேசை நிறையக் கூழாங்கற்கள். சுவர் முழுக்க மர இழுப்பறைகள். ஒவ்வொன்றின் நெற்றியிலும் ஒரு பித்தளைச் சட்டம், அதற்குள் ஓர் எண். அந்த எண்களுக்கு நடுவே, ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தவரை வளாகமே நம்பர் அக்கா என்றுதான் கூப்பிட்டது.

அவர் வேலைக்கு வந்தது தேநீர் போடத்தான். அப்போதிருந்த முதல் இயக்குநர் ஒரு பெரிய அட்டவணையைத் தொடங்கியிருந்தார். யூதர், கிறிஸ்தவர் முதலிய வேதக்காரர்களைப் பற்றிக் குர்ஆன் எங்கெங்கே பேசுகிறது, அந்த ஒவ்வொரு வசனத்தையும் பற்றி எந்த உரையாசிரியர், எந்த ஆராய்ச்சியாளர், எந்தப் பக்கத்தில் என்ன சொல்லியிருக்கிறார் என்பதை ஓர் அட்டைக்கு ஒரு குறிப்பாக எழுதிச் சேர்ப்பது. அதில் எண்களைப் பெயர்த்து எழுதும் வேலைக்கு அறிவு தேவையில்லை என்று தோன்றியதால் அக்காவிடம் கொடுத்தார். மூன்றாம் மாதம் அக்கா இரண்டு அட்டைகளை எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் வைத்தார். ஒரே வசனம் என்று சொல்கிறீர்கள், இவர் ஓர் எண் போட்டிருக்கிறார், அவர் வேறு எண் போட்டிருக்கிறார், யார் தப்பு என்று கேட்டார்.

யாரும் தப்பில்லை. பழைய ஐரோப்பிய அச்சுப் பதிப்பு ஒன்று வசனங்களை ஒரு விதமாக எண்ணியது. பிற்பாடு உலகெங்கும் வழக்கத்துக்கு வந்த பதிப்பு வேறு விதமாக எண்ணியது. வசனம் அதேதான், ஓர் எழுத்துகூட மாறவில்லை. எங்கே ஒன்று முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்பதில்தான் கணக்கு வேறு. சில அத்தியாயங்களில் இரண்டும் ஒத்துப்போகும். சிலவற்றில் நாலைந்து எண் தள்ளி நிற்கும். பழைய ஆராய்ச்சியாளர்களைப் படிக்கப் பழைய எண் வேண்டும், மற்ற எல்லாவற்றுக்கும் புதிய எண் வேண்டும். ஆகவே அட்டைக்கு இரண்டு எண்: மேலே பழையது, கீழே புதியது. ஏன் பழையது மேலே என்று கேட்டால் பதில் கிடையாது. முதல் இயக்குநர் முதல் அட்டையை அப்படி எழுதினார், பிறகு வந்த அட்டைகளெல்லாம் அவருக்குக் கீழ்ப்படிந்தன.

அக்கா ஒரு பள்ளிக்கூட நோட்டை வாங்கி, அத்தியாயம் அத்தியாயமாக இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக்கொண்டார். இரண்டாம் வருஷம் நோட்டைத் திறப்பது குறைந்தது. நாலாம் வருஷம் நோட்டு தொலைந்துபோனது, அவர் தேடவில்லை.

மௌலவி வந்தது அதற்கு நாலு வருஷம் கழித்து. அக்காவைவிட ஆறு வயது இளையவர். குர்ஆன் முழுவதையும் மனப்பாடமாக ஓதுகிற ஹாஃபிழ். நகரத்துப் பள்ளிவாசலில் தொழுகை நடத்துபவர். அதற்காகப் பள்ளிவாசலுக்குப் பின்னால் கொடுத்திருந்த வீட்டில், பக்கவாதத்தில் படுத்துவிட்ட மனைவியோடு இருந்தார். பகலில் மையத்தில் சரிபார்ப்பு வேலை. அட்டையில் எழுதியிருக்கும் வசனம் சரிதானா என்று பார்த்துக் கையெழுத்துப் போடவேண்டும். முதல் நாளே சிக்கல் வந்தது. சூரா என்கிற அத்தியாயத்தையும் வசனத்தையும் அக்கா எண்ணால்தான் சொல்வார்.

“மூணாவது சூராவுல அறுபத்து நாலு, மௌலவி.”

“நம்பர் சொன்னா எனக்கு எப்படிக்கா தெரியும்? வீட்டு நம்பரா அது? வார்த்தையச் சொல்லுங்க.”

அக்கா சொன்னார். உங்களுக்கும் எங்களுக்கும் பொதுவான ஒரு சொல்லின் பக்கம் வாருங்கள் என்று வேதக்காரர்களை அழைக்கிற இடம் என்றார். சொல்லி முடிக்கும் முன்பே மௌலவி ஓத ஆரம்பித்துவிட்டார். அவர் ஓதி முடிக்கும்வரை அக்கா பேனாவை மூடி வைத்திருந்தார். பதினாலு வருஷமும் அப்படித்தான் செய்தார். மரியாதையா என்று ஒரு முறை மௌலவி கேட்டதற்கு, திறந்து வைத்தால் மை காய்ந்துவிடும் என்றார்.

வெளியே இருப்பவர்களுக்கு இது விளங்காது. குர்ஆனை மனப்பாடம் செய்தவர் ஒலியாக மனப்பாடம் செய்கிறார்; முதல் இரண்டு சொல்லைக் கொடுத்தால் வெள்ளமாக வரும். எண் என்பது அச்சுக்காரர்களின் சமாச்சாரம். சில ஹாஃபிழ்கள் எண்ணையும் சேர்த்துப் பழகுவார்கள், இவர் பழகவில்லை. அக்காவுக்கோ ஒரு வரிகூட ஓத வராது. ஆனால் எந்த விஷயம் எந்த எண்ணில், அந்த எண் பழைய கணக்கில் எத்தனை என்பது விரல் நுனியில். “நாம ரெண்டு பேரும் சேந்தா ஒரு ஆலிம்க்கா, பிரிச்சா ஒரு ரேடியோவும் ஒரு டைரக்டரியும்” என்பார் மௌலவி; ஆலிம் என்றால் மார்க்க அறிஞர். நாளடைவில் ஒரு வழக்கம் உண்டானது. வசனத்துக்கு மௌலவி பொறுப்பு, எண்ணுக்கு அக்கா பொறுப்பு. அக்கா எழுதிய எண்ணை மௌலவி பார்க்கவே மாட்டார். மௌலவி ஓதிய வசனத்தை அக்கா சந்தேகிக்கவே மாட்டார்.

இதனால் அவர்கள் மதங்களைக் கடந்துவிட்டார்கள் என்று யாரும் நினைக்கக்கூடாது. ஏசு சிலுவையில் இறந்தாரா இல்லையா என்ற வழக்கை ஒவ்வொரு வியாழக்கிழமையும் மூன்று மணிக்கு எடுப்பார்கள். கிறிஸ்தவரான அக்கா தன் சபையின் பக்கம் நின்றார், மௌலவி தன் வேதத்தின் பக்கம் நின்றார். பதினாலு வருஷத்தில் ஒருவர்கூட ஓர் அங்குலம் நகரவில்லை. நாலு மணிக்கு எழுந்து இழுப்பறைகளைப் பூட்டிவிட்டுப் போவார்கள். மேல்தளத்தில் நடந்ததைவிட இது பரவாயில்லை என்றுதான் சொல்லவேண்டும்.

இப்போதைய இயக்குநர் வந்து ஐந்து வருஷம். வரலாற்று ஆசிரியர். எந்த மதத்தையும் சேராதவர் என்று சொல்லிக்கொள்வார், அதனால் இரு தரப்பும் அவரைச் சமமாகச் சந்தேகித்தன. அட்டவணையை அச்சிடுவது என்று முடிவெடுத்தது அவர்தான். முதல் பக்கத்தில் மூன்று பெயர்கள் போடவேண்டும் என்று சொன்னதும் அவர்தான். அச்சகத்திலிருந்து முதல் மெய்ப்பு வந்தபோது, பதிப்பாசிரியர் என்று இயக்குநர் பெயர், சரிபார்த்தவர் என்று மௌலவி பெயர், இரண்டுக்கும் நடுவே தொகுத்தவர் என்று அக்காவின் பெயர் இருந்தது.

அக்கா அந்தத் தாளைப் பிரதியெடுத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கைப்பையில் வைத்துக்கொண்டார். கல்யாணம் ஆகாதவர், தம்பி வீட்டில் தையல் இயந்திரம் இருக்கிற அறையில் படுத்துக்கொள்பவர். அந்த வீட்டில் அவர் பெயர் கடைசியாக அச்சில் வந்தது குடும்ப அட்டையில். அதிலும் ஓர் எழுத்து பிழை. தம்பி தாளை வாங்கி, மூக்குக் கண்ணாடியைத் தேடிப் போட்டுப் படித்துவிட்டு, உன் பேரை எதுக்குப் போட்டிருக்கிறார்கள் என்று கேட்டார். நான்தானே எழுதினேன் என்றார் அக்கா. “உன் கையெழுத்து சின்ன வயசுலேர்ந்தே நல்லாயிருக்கும்” என்று தம்பி ஒப்புக்கொண்டார். தம்பி மனைவி எட்டிப் பார்த்து, இதற்கு ஏதாவது பதவி உயர்வு உண்டா என்று விசாரித்தார். இல்லை என்றதும் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

இருந்தாலும் அக்கா அந்த மாதம் முழுவதும் சந்தோஷமாக இருந்தார் என்று மௌலவி சொல்வார். கூழாங்கற்களைக் கழுவி வைத்தாராம்.

நகரத்தில் பள்ளிவாசலும் தேவாலயமும் ஒரே மதிலின் இருபுறமும் இருந்தன. ஒரு வெள்ளிக்கிழமை மதியம், இந்தப் பக்கம் தொழுகைக்கு வந்தவர்களின் வாகனங்கள் அந்தப் பக்கம் சவ ஊர்வலம் போகும் வழியை அடைத்து நின்றன. பேச்சு ஏறியது. மூன்று ஜன்னல்கள் உடைந்தன, ஒருவருக்கு நெற்றியில் ஐந்து தையல். மாவட்ட நிர்வாகம் தலையிட்டு, நல்லிணக்கத்தின் அடையாளமாக மதிலில் ஒரு கல் பதிக்கவேண்டும், இரு வேதங்களிலிருந்தும் ஒவ்வொரு வசனம் அதில் வெட்டவேண்டும் என்று மையத்தைக் கேட்டுக்கொண்டது. நீதிபதி, பங்குத்தந்தை, பள்ளிவாசல் தலைவர் மூவரும் அடங்கிய குழு பதினோரு முறை கூடியது. எந்த வசனம் என்பதில் தகராறு இல்லை, எந்த மொழிபெயர்ப்பு என்பதில்தான். இவர்கள் சொன்ன சொல் அவர்களுக்கு இடித்தது, அவர்கள் சொன்ன சொல்லில் இவர்களுக்குப் பணிவு போதவில்லை. பதினோராவது கூட்டத்தில் நீதிபதிக்கு ஒரு யோசனை உதித்தது. வார்த்தைகளே வேண்டாம், அத்தியாய எண்ணும் வசன எண்ணும் மட்டும் போடுவோம், வேண்டியவர்கள் வீட்டில் போய்ப் பிரித்துப் பார்க்கட்டும் என்றார். எண்களுக்கு மதமில்லை என்று அவர் சொன்னதைக் குழு கைதட்டி ஏற்றுக்கொண்டது.

சுவிசேஷத்திலிருந்து ஓர் எண்ணைப் பங்குத்தந்தை கொடுத்தார். குர்ஆனிலிருந்து, ஐந்தாம் அத்தியாயத்தில் ஒரு வசனத்தை மௌலவி ஓதிக் காட்டினார். சுவிசேஷத்தை உடையவர்கள் தங்களுக்கு அருளப்பட்டதைக் கொண்டே தீர்ப்பு வழங்கட்டும் என்ற கருத்துடையது. எல்லோருக்கும் பிடித்துவிட்டது. எண் என்ன என்று இயக்குநர் கேட்டார். மௌலவி பழக்கதோஷத்தில் பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்த்தார். நாற்காலி காலி. அக்கா அப்போது வலது கண்ணில் புரை அறுவைக்காக, கட்டோடு ஆஸ்பத்திரியில் இருந்தார்.

இயக்குநர் தானே கீழே இறங்கி வந்தார். ஐந்து வருஷத்தில் முதல் முறையாக ஓர் இழுப்பறையைத் திறந்தார். இரண்டே நிமிஷத்தில் சரியான அட்டையைக் கண்டுபிடித்தார். அவருடைய கல்வித்தகுதிக்கு அது சாதனைதான், அவரும் அப்படித்தான் உணர்ந்தார். அட்டையில் மேலே இருந்த எண்ணைத் தாளில் எழுதினார். சரிபார்த்தவர் என்ற இடத்தில் மௌலவி, அட்டையிலிருந்த வசனத்தை ஒரு முறை ஓதிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். வசனம் சரியாகத்தான் இருந்தது. எண்ணை அவர் என்றைக்குப் பார்த்தார், அன்றைக்குப் பார்க்க?

கல் திறக்கப்பட்ட மூன்றாம் நாள், தேவாலயத்துக்கு எதிரே மருந்துக்கடை வைத்திருப்பவர் கைபேசியில் அந்த எண்ணைத் தட்டிப் பார்த்தார். புதிய கணக்கில் அந்த எண்ணில் நிற்பது வேறு வசனம். யூதரையும் கிறிஸ்தவரையும் பாதுகாவலர்களாக ஆக்கிக்கொள்ளாதீர்கள் என்று எச்சரிக்கிற வசனம். அது எந்தச் சமயத்தில், எந்தப் பகைமையின் நடுவில், யாரை நினைத்துச் சொல்லப்பட்டது என்று உரையாசிரியர்கள் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். கீழ்த்தளத்தில் அதற்கு மட்டும் ஒன்றரை இழுப்பறை உண்டு. ஆனால் அந்த இழுப்பறைகளைக் கல்லோடு சேர்த்து மதிலில் பதிக்கவில்லையே.

மாலைக்குள் மதிலின் இரண்டு பக்கமும் ஆட்கள் நின்றார்கள். எங்கள் சுவரிலேயே எங்களை நம்பாதே என்று வெட்டி வைத்திருக்கிறார்கள் என்றது ஒரு பக்கம். நம்மைக் கெட்டவர்களாகக் காட்ட யாரோ திட்டம் போட்டிருக்கிறார்கள் என்றது மறுபக்கம். முதல் முறையாக இரு தரப்பும் ஒரே ஆளைத் தேடின. தாளில் இருந்த கையெழுத்து மௌலவியுடையது.

பள்ளிவாசல் தலைவரின் தர்க்கம் எளிமையானது. ஹாஃபிழுக்கு இந்த எண் தப்பு என்று தெரிந்திருந்தால் அது விஷமம். தெரியாதென்றால் அவர் என்ன ஹாஃபிழ்? இரண்டில் எது என்றாலும் வீட்டைக் காலி செய்யவேண்டியதுதான். மனைவியைக் கட்டிலோடு எங்கே தூக்கிக்கொண்டு போவது என்று மௌலவி கேட்கவில்லை. கேட்கிற நிலையில் இல்லை.

கல் திறந்த பத்தாம் நாள், விடுப்பு முடிந்து, கறுப்புக் கண்ணாடியோடு அக்கா வேலைக்கு வந்தார். விஷயத்தைக் கேட்டதும் இழுப்பறையைத் திறந்து அட்டையை எடுத்துப் பார்த்தார். பிறகு அதை எடுத்துக்கொண்டு மேல்தளம் ஏறினார்.

இயக்குநர் அட்டையை வெகுநேரம் பார்த்தார். “மேல இருக்கறதத்தானே எழுதினேன்?”

“மேல இருக்கறது பழசு, சார்.”

“அத எங்கயாவது எழுதி வச்சிருக்கா?”

“இருபத்திரண்டு வருஷமா எல்லாருக்கும் தெரியும், சார்.”

எல்லாரும் என்றால் இரண்டு பேர்: முதல் இயக்குநரும் அக்காவும். இயக்குநர் மோசமான மனிதர் அல்ல. குழுவிடம் போய் உண்மையை விளக்குவதாகச் சொன்னார், போகவும் செய்தார். வசன எண்ணிக்கையின் வரலாற்றை முக்கால் மணி நேரம் விளக்கினார். எண் எடுக்கப்பட்டது, எண் பதியப்பட்டது, எண் அனுப்பப்பட்டது என்றே சொல்லி வந்தார். எடுத்தது யார் என்று சொல்லும் இடம் வந்தபோது அவருக்கு இருமல் வந்தது. குர்ஆன் மையத்தின் இயக்குநருக்கே குர்ஆனில் எண் பார்க்கத் தெரியவில்லை என்றால் மையத்தை மூடிவிடுவார்களே என்ற பயம் நியாயமானதுதான். முக்கால் மணி நேர முடிவில் குழுவுக்கு ஒன்று மட்டும் தெளிவாகப் புரிந்தது: யாரோ எதையோ மறைக்கிறார்கள். மறுநாளே முறையான விசாரணை என்று அறிவித்தார்கள்.

அன்று மதியம் கீழ்த்தளத்தில் மௌலவி தன் நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு கூழாங்கல்லை உருட்டிக்கொண்டிருந்தார்.

“ஓதத் தெரியும், நம்பர் தெரியாதுன்னு சொல்லிடறேன்க்கா. உண்மை அதுதானே.”

“உண்மைதான். சொன்னதும் வீட்டுச் சாவிய எப்பத் தர்றீங்கன்னு கேப்பாங்க.”

“கேக்கட்டும்.”

“உங்க வீட்டுக்காரம்மா எங்க போய்ப் படுப்பாங்க? இந்த மேசை மேலயா?” அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அந்த எண்ண நான்தான் எழுதினேன்.”

“நீங்க அன்னிக்கு ஆஸ்பத்திரில கண்கட்டோட கெடந்தீங்க.”

“போறதுக்கு முன்னாடி எழுதி வச்சிட்டுப் போனேன். புரை கண்ணு. சரியாத் தெரியல.”

“அக்கா, கண்ண மூடிட்டா உங்களுக்கு நம்பர் இன்னும் நல்லாத் தெரியும்.”

“அது உங்களுக்குத் தெரியும். அவங்களுக்குத் தெரிய வேணாம்.”

மௌலவி கூழாங்கல்லை மேசையில் வைத்தார். பிறகு, கண் தெரியாமல் தப்பு நடந்தது என்று மட்டும் சொன்னால் போதுமே, வேறு எதையும் சொல்லவேண்டாமே, முதல் பக்கத்தில் பேர் வரப்போகிறதே என்று மெதுவாக இழுத்தார்.

“அதான் வேணாங்கறேன். குர்ஆன் தெரிஞ்ச ஒரு கிறிஸ்தவப் பொம்பள, அத்தன வசனத்துல தேடி இந்த வசனத்த எடுத்து வச்சான்னா, அத யாராவது கைத்தப்புன்னு நெனப்பாங்களா? எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னாதான் தப்பு வெறும் தப்பா இருக்கும். தெரியும்னா அது வேற ஒண்ணு ஆயிடும். உங்களக் கேட்டாலும் அப்படியே சொல்லணும்.”

“என்னால அதச் சொல்ல முடியாதுக்கா.”

“ஒரு வார்த்தைதானே, மௌலவி. நீங்க எவ்வளவோ மனப்பாடம் பண்ணியிருக்கீங்க.”

விசாரணை அரை மணி நேரம்தான். அக்கா தேநீர் போடுவதாகச் சொன்னார். சாவி வைத்திருப்பதாகச் சொன்னார். எண்களைப் பார்த்து எழுதுவதாகவும், அவை எதைக் குறிக்கின்றன என்று தெரியாது என்றும் சொன்னார். பங்குத்தந்தை இரக்கத்தோடு தலையசைத்தார். எண் எழுதப்பட்ட தாளில் இருந்த தேதியும் விடுப்புப் பதிவேட்டுத் தேதியும் ஒன்றே என்பதைக் குழுவில் யாரும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. எண்ணை எழுதியது யாருடைய கை என்றும் பார்க்கவில்லை. மூன்றாம் நிலை உதவியாளரின் கையெழுத்து எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. இயக்குநருக்குத் தெரியும். அவருக்கு மறுபடியும் இருமல் வந்தது.

கடைசியாக நீதிபதி மௌலவியைக் கேட்டார். “இந்தம்மாவுக்குக் குர்ஆன்ல ஏதாவது பழக்கம் உண்டா?”

மௌலவி தண்ணீர் கேட்டார். குடித்தார். “இல்ல.”

“அரபு எழுத்து?”

“தெரியாது.”

“இந்த எண்களப் பத்தியாவது?”

மௌலவி அக்காவைப் பார்த்தார். ஓர் அட்டையில் வசனம் சரியாக இருந்தால் எப்படித் தலையசைப்பாரோ, அக்கா அப்படி லேசாகத் தலையசைத்தார்.

“ஒண்ணும் தெரியாது, ஐயா. பாத்து எழுதுவாங்க, அவ்வளவுதான்.”

ஏழாம் பத்தி செய்தித்தாளிலும் வந்தது. ஜன்னல்கள் மேற்கொண்டு உடையவில்லை. மௌலவியின் வீடு மௌலவியிடமே இருந்தது. மருந்துக்கடைக்காரர் பெருந்தன்மையோடு அக்காவை மன்னித்தார். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பூசை முடிந்து வெளியே வரும்போது, நாலு பேர் முன்னால், தெரியாமல் செய்ததுதானே என்று திரும்பத் திரும்ப மன்னித்தார். தம்பி மனைவி செய்தித்தாளை மடித்து வைத்தபடி, “பேப்பர்லயே போட்டுட்டான், ஒண்ணும் தெரியாதவங்கன்னு. நாங்க சொன்னா மட்டும் உங்களுக்குக் கோவம் வருது” என்றார். அக்கா சிரித்ததாகத் தம்பி சொல்கிறார்.

கல்லிலிருந்து இரண்டு எண்களையும் செதுக்கி எடுத்துவிட்டார்கள். சரியான எண்ணை வெட்டலாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. எண்களின் மேல் இரு தரப்புக்கும் நம்பிக்கை போய்விட்டது. இப்போது அதில் திறப்பு விழாத் தேதி மட்டும் இருக்கிறது. எந்த நாட்காட்டியின் தேதி என்று இதுவரை யாரும் கேட்கவில்லை.

ஆபத்திலிருந்து காப்பாற்றப்பட்டவர் காப்பாற்றியவரிடம் நெருங்கி வருவார் என்று எதிர்பார்ப்பது வழக்கம். மௌலவி விலகிப் போனார். விசாரணை முடிந்த அடுத்த வாரம் தன் நாற்காலியை நூலக அறைக்கு மாற்றித் தரும்படி எழுதிக் கொடுத்தார். வியாழக்கிழமை மூன்று மணிக்கு அக்கா தானே போய் ஏன் என்று கேட்டார்.

“சபையில உக்காந்து உங்களப் பத்தி அப்படிச் சொல்லிட்டு, மறுநாள் எதிர்ல வந்து உக்காந்து நம்பர் கேக்க வாய் வரலக்கா.”

“நம்பர் கேக்க வேணாம். நீங்க ஓதுங்க, நான் எழுதிக்கறேன்.”

நாற்காலி திரும்பி வரவில்லை. சிலுவை வழக்கும் அத்தோடு நின்றது. பதினாலு வருஷம் ஓர் அங்குலம் நகராத வழக்கு, தீர்ப்பில்லாமல் தள்ளுபடியானது.

இரண்டாம் மெய்ப்பு வந்தபோது முதல் பக்கத்தில் மூன்று பெயர்களும் அப்படியே இருந்தன. அச்சகத்தில் யாரும் செய்தித்தாள் படிப்பதில்லை போலிருக்கிறது. இயக்குநர் அந்தப் பக்கத்தின் மேல் ‘உரியது செய்க’ என்று ஒரு துண்டுச் சீட்டை ஒட்டி, மெய்ப்புத் திருத்தத்துக்காக வழக்கம்போலக் கீழ்த்தளத்துக்கு அனுப்பிவைத்தார். மெய்ப்புத் திருத்துகிறவர் அக்காதான். குர்ஆனைப் பற்றி ஒன்றும் தெரியாதவரின் பெயர் குர்ஆன் அட்டவணையின் முகப்பில் வந்தால், ஏழாம் பத்தி பொய் என்று ஆகும். ஏழாம் பத்தி பொய்யென்றால் மௌலவி சொன்னதும் பொய். பிறகு வீட்டுச் சாவி. அக்கா சிவப்புப் பேனாவைத் திறந்து தன் பெயரின் மேல் ஒரு கோடு இழுத்தார், ஓரத்தில் நீக்கக்குறி போட்டார், முறைப்படி தன் சுருக்கொப்பமும் இட்டார். பிறகு மீதி அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கங்களையும் படித்தார். நாற்பத்து மூன்று இடங்களில் அச்சகத்தார் எண்ணைத் தப்பாகக் கோத்திருந்தார்கள், அவற்றையும் திருத்தினார்.

மௌலவி விஷயம் தெரிந்து தன் பெயரையும் எடுத்துவிடச் சொன்னார். புத்தகம் ஒரே பெயரோடு வெளிவந்தது. முன்னுரையில் உதவியாளர்கள் பலருக்கும் நன்றி சொல்லியிருக்கிறார்கள். அக்காவைத் தபால் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கிருந்து ஒன்றரை வருஷத்தில் ஓய்வு பெற்றார். ஓய்வுச் சான்றிதழிலும் பணி என்ற இடத்தில் தபால், தேநீர், சாவி என்றுதான் இருக்கிறது.

மையத்தில் இருந்த இருபத்திரண்டு ஆண்டுகளில் அவர் எழுதியவை முப்பத்தோராயிரத்து நானூற்று ஆறு அட்டைகள். ஒவ்வோர் அட்டையிலும் மேலே பழைய எண், கீழே புதிய எண். கல்லுக்காக இயக்குநர் வெளியே எடுத்த அட்டையும் அவற்றில் ஒன்று. அதில் இரண்டு எண்களும் சரியாக இருக்கின்றன.